ஓய்சராவைத் தேடி வந்த மாமியார்

எந்திரிக்காதீங்க சபோஹத் அக்கா. உக்காருங்க, உக்காருங்க. ரொட்டியைப் பிச்சு வச்சுட்டேன் பாருங்க. பிச்ச ரொட்டியை அப்படியே போட்டுட்டு எந்திரிச்சுப் போனா யாருக்கு ஆகும்? எனக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. ஒரு விள்ளல் வாயில போட்டுக்கிட்டு அப்புறம் என்ன வேணா திட்டுங்க. டீ கொஞ்சமாத்தான் ஊத்துறேன். கிண்ணம் நெறைய ஊத்தி உங்களைத் தொரத்தவா போறேன்? தோல்சோர்லருந்து அந்தக் குட்டி டமாஸ் வேன்லயா வந்தீங்க? இந்த வெயில்லயா? அந்தப் பாவிங்க ஆட்டை அடைக்கிற மாதிரி இல்ல அடைச்சுக்கிட்டு வருவானுங்க. மொகமெல்லாம் எப்படிச் செவந்து கெடக்கு பாருங்க. இருங்க, ஃபேனை இந்தப் பக்கம் திருப்புறேன்.

அதான் சொன்னேனேக்கா. உங்க மருமக ஓய்சரா எதுக்கு இப்ப இன்ஸ்டிடியூட்டுக்கு வரப்போறா? புள்ள பொறந்ததுக்கு ஒரு வருஷம் லீவு எழுதிக் கொடுக்க வச்சது நீங்கதானே. அவ எழுதினா, பின்னாடி நின்னு வரி வரியா நீங்க பார்த்தீங்க. நான் இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன்.

ஓ. அம்மா வீட்டுக்குப் போறேன்னு உங்ககிட்ட உத்தரவு வாங்கிட்டுப் போனாளா. நீங்க பேரனைப் பார்க்கணும்னு காலையில தயிரை எடுத்துக்கிட்டு அங்க போய் நின்னா, பேரன் மட்டும் இருக்கான், அவளைக் காணோம். சம்பந்தியம்மா என்ன சொன்னாங்க? பஜாருக்குப் போயிருக்கான்னாங்களா? பின்ன என்ன, பஜாருக்குத்தான் போயிருப்பா. பொம்பளை பஜாருக்குப் போனா ஒரு கடையோட திரும்புவாளா? கொஞ்சம் காலாற நடந்துட்டு வரட்டுமே. உங்க வீட்ல விடியக்காலம் வாசல் கூட்டுறப்ப மட்டும்தான அவ கேட்டைத் தாண்டுறா. சரி சரி, கோவிச்சுக்காதீங்க, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

யாரு சொன்னா? பக்கத்து வீட்டுப் பையனா? இன்னைக்கு மூணாம் வருஷத்துக்குப் பரீட்சைன்னா? ஆமா, பரீட்சைதான், அதுல என்ன ரகசியம் இருக்கு. வருஷக் கடைசிப் பரீட்சை. லீவு முடிஞ்சவங்களும் இன்னைக்கு வந்து எழுதணும். எழுதலைன்னா பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் அழுதாலும் பொரண்டாலும் உள்ள விட மாட்டாங்க, நுழைவுத் தேர்வுலருந்து மறுபடி ஆரம்பிக்கணும். ஓய்சராவுக்கும் அதே சட்டம்தான். நீங்க அனுப்பல, அவ வரல, பேரை எடுத்துடுவாங்க, முடிஞ்சது கதை. நானே வயித்தெரிச்சலோட உக்காந்திருக்கேன், நீங்க வந்து அவ எங்கேன்னு என்னைப் போய்க் கேக்குறீங்க.

மாடிக்கு எதுக்கு இப்ப? மாடியில புள்ளைங்க எழுதிக்கிட்டு இருக்கு. தாஷ்கெண்ட்லருந்து ஆபீசருங்க வந்து உக்காந்திருக்காங்க. வாசல்ல காவல் போட்டிருக்கு. என்னையவே விட மாட்டேங்கிறாங்க, உங்களை விடுவாங்களா? பேசாம இந்த ஆப்ரிகாட்டைச் சாப்பிடுங்க. எங்க வீட்டு மரத்துப் பழம். இந்த வருஷம் ஆலங்கட்டி மழைக்குத் தப்பிச்சது இவ்வளவுதான்.

நீங்க என்னைப் பத்தி என்ன நெனைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும்கா. இந்த மன்ஸுரா டீச்சருக்கு வேற வேலையே இல்ல, குடும்பத்துல இருக்கிற பொண்ணுங்க மனசைக் கலைக்கிறதே பொழப்புன்னு. நெசந்தான், எனக்கு வேலையே அதுதான். கம்ப்யூட்டர் படிக்க வர்ற பொண்ணுங்களைப் பார்த்துக்கிறதுக்குன்னு என்னைப் போட்டிருக்காங்க. முதல் வருஷம் வந்து பாருங்க, வகுப்புல பாதி பொண்ணுங்க. தலையில முக்காடும் கையில பையுமா வராந்தாவே கலகலன்னு இருக்கும். மூணாம் வருஷத்துல மிச்சம் இருக்கிறவங்க ஒரு பெஞ்சுல அடங்கிடுவாங்க. நடுவுல என்ன ஆச்சு? கல்யாணம் ஆச்சு. ஒவ்வொருத்திக்கும் நான் போய்ப் புலாவு சாப்பிட்டுட்டு வர்றேன். டிபார்ட்மென்ட்ல பொண்ணுங்க கொறைய கொறைய என் இடுப்புதான் பெருத்துக்கிட்டே போகுது. எங்க டீன் கேக்குறாரு, ஏம்மா மன்ஸுரா, நீ பொண்ணுங்களைப் படிக்க வைக்கிறியா, கட்டிக் கொடுக்கிறியான்னு. சிரிங்கக்கா, சிரிக்கலாம், தப்பில்ல.

உங்க வீட்டுப் புலாவும் சாப்பிட்டேன். நல்ல புலாவு. கேரட்டு மஞ்சளா, அரிசி உதிரி உதிரியா. கொறை சொல்ல முடியாது.

கல்யாணம் மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன். மாமியாருங்க மேலயே எல்லாப் பழியையும் போட்டா அது பாவம். எங்க ஆளுங்க ஒண்ணும் யோக்கியம் இல்ல. கோதிர் வாத்தியார்னு ஒருத்தர் இருக்கார், தங்கமான மனுஷன், எறும்பை மிதிக்க மாட்டார். பொண்ணுங்க தப்புத் தப்பா எழுதினாலும் அஞ்சுக்கு மூணு, பாஸ் மார்க்கு, போட்டு விட்டுருவார். போம்மா, நீ எப்படியும் அடுப்புக்குத்தான் போகப்போறே, உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், இந்தா மூணுன்னுவார். பசங்க தப்பா எழுதினா நிக்க வச்சுத் திட்டி, மறுபடி எழுதுடாம்பார். பசங்க அழுது அழுது கத்துக்கிறானுங்க. பொண்ணுங்க சிரிச்சுக்கிட்டே மூணு வாங்கிட்டுப் போயி, அடுத்த வருஷம் ஒண்ணும் வெளங்காம முழிக்குதுங்க. அப்புறம், டீச்சர், இது எங்களுக்கு வராது, நாங்க மொழிப் பாடத்துக்கு மாறிக்கிறோம்னு வந்து நிக்குதுங்க. ஒரு நாள் நான் அவரைப் புடிச்சு நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். ஏன் சார், பிச்சை போட்டே கொன்னுட்டு இருக்கீங்களேன்னு. அந்த மனுஷனுக்கு நான் ஏன் கத்துறேன்னே புரியல. பாவம், நல்லது பண்றதா நெனச்சுக்கிட்டு இருக்கார்.

ஹாஸ்டல் இருக்கே, அது இன்னொரு கூத்து. பொழுது சாஞ்சா பொண்ணுங்க ஹாஸ்டலைப் பூட்டிடணும். பசங்க ஹாஸ்டல்ல ஜன்னல் கம்பியை எப்பவோ வளைச்சு வச்சிருக்கானுங்க. அவனுங்க கம்ப்யூட்டர் ரூம்லயே கெடந்து, ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிக் கொடுத்துக் கத்துக்கிறானுங்க. அதே நேரத்துல பொண்ணுங்க உள்ள உக்காந்து உருளைக்கெழங்கு உரிச்சுக்கிட்டு இருக்கும். மறுநாள் வகுப்புல பசங்களுக்கு மூளை ஜாஸ்தின்னு பேரு. நல்ல மூளை!

ஓய்சரா மட்டும்தான் என்கிட்ட வந்து கேட்டா. டீச்சர், சாயங்காலம் முடியாதுன்னா காலையில தொறந்து விடுவீங்களா, வகுப்புக்கு முன்னாடின்னு. சாவியைக் கொடுத்தேன். அவ அப்பா லாரி ஓட்டுற ஆளு, வீட்ல கம்ப்யூட்டர் எங்க இருக்கு. ஆனா கோதிர் வாத்தியார் போட்ட மூணை அவ திருப்பிக் கொடுத்தாக்கா. சார், இது எனக்கு வேணாம், ரெண்டு போடுங்க, நான் மறுபடி எழுதுறேன்னுட்டா. அவர் அசந்து போயிட்டார். தனக்கு ஃபெயில் மார்க் போடச் சொல்லிக் கேட்ட பொண்ணை அவர் ஆயுசுல பார்த்ததில்ல. மறுபடி எழுதி அஞ்சு வாங்கினா.

அப்புறந்தான் நீங்க பொண்ணு கேட்டு வந்தீங்க.

தப்புன்னு சொல்லலக்கா. நல்ல பொண்ணை நல்ல இடத்துல கேக்கத்தான் செய்வாங்க. நிச்சயத்துக்கு ரொட்டி பிச்ச அன்னைக்கு நீங்க சொன்னீங்க, எங்க வீட்ல மருமகளைப் படிக்க வைப்போம், அவ படிப்புக்கு நான் பொறுப்புன்னு. நான் அங்கதான் மொறத்துல கற்கண்டு பொறுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன், என் காதால கேட்டேன். நீங்க பொய் சொன்னீங்கன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். ரொட்டி பிக்கிற அன்னைக்கு எல்லாருக்கும் மனசு பெருசாத்தான் இருக்கு. அப்புறம் பசு கன்னு போடுது. மாமனாருக்கு ரத்தக் கொதிப்பு ஏறுது. நாத்தனாருக்குக் கல்யாணம் கூடி வருது. வீட்ல ஆள் வேணும்ல? ஆள்னா யாரு, மருமகதான். ஒரு வாரம் வகுப்புக்குப் போக வேணாம்னு ஆரம்பிக்கும். ஒரு வாரம் போனா வகுப்பு ஓடிடும். ஓடிப்போன வகுப்பைப் புடிக்கணும்னா ராத்திரி முழிக்கணும். ராத்திரி முழிச்சா காலையில வாசல் கூட்டுற சத்தம் தெருவுக்கு லேட்டாக் கேக்கும். கேட்டா தெரு சிரிக்கும். யாரையும் குத்தம் சொல்ல முடியாதுக்கா, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வந்து விழுந்துடுது. விழுறது என்னமோ பொண்ணு தலையில.

ஆமா, எனக்கும் மாமியார் இருந்தாங்க. ஏன் இருக்கக் கூடாது? நல்லா திட்டுவாங்க. ஆனா அந்தக் காலம் வேற. நான் வேலைக்குச் சேர்ந்தது சோவியத் காலத்துல, பருத்திக் கணக்குப் பார்க்கிற கம்ப்யூட்டர் நிலையத்துல. பீரோ பீரோவா மெஷினு. அங்க வேலை பார்த்தது பூராப் பொம்பளைங்க தெரியுமா? ஓட்டை போட்ட அட்டையை அடுக்கி அடுக்கி உள்ள விடுவோம். அது பொம்பளைங்க வேலைன்னுதான் பேரு, பின்னுற வேலை மாதிரி, பொறுமை வேணும், கை சுத்தம் வேணும்னு. என் மாமியார் தெருவுல பெருமையாச் சொல்லுவாங்க, என் மருமக மெஷின்கிட்ட வேலை பார்க்குறா, மழை வெயில் கெடையாதுன்னு. அப்ப அதுல பெருசாச் சம்பளம் இல்ல. இன்னைக்குச் சம்பளம் வந்துடுச்சு. சம்பளம் வந்ததும் மூளை வேணும்னுட்டாங்க. மூளை வேணும்னதும் அது ஆம்பளைங்க வேலை ஆயிடுச்சு. நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன். மெஷின் சின்னதாச் சின்னதா, பொம்பளைங்க ஒவ்வொருத்தியா வெளிய போனோம்.

இருங்க, எங்க போறீங்க? தண்ணி கொதிச்சுடுச்சு, புது டீ போடுறேன். பச்சை டீதான், கருப்பு டீ உங்களுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும்.

என்னது? ரொட்டியைக் கையில எடுத்துச் சத்தியம் பண்ணணுமா? எதுக்கு? ஓய்சரா இங்க இல்லைன்னா?

அக்கா, ரொட்டி மேல கை வச்சு என்னை எதுக்கு... சரி. சரி, கொடுங்க. இந்தா, எடுத்துட்டேன். இந்த ரூமுக்குள்ள உங்களையும் என்னையும் தவிர வேற ஒரு ஜீவன் இருந்தா இந்த ரொட்டி என் கண்ணைக் குருடாக்கட்டும். போதுமா? பீரோவைத் தொறந்து காட்டட்டுமா? மேஜைக்கடியில பாருங்களேன்.

ரூமைப் பத்தி நீங்க கேக்கல, கட்டடத்தைப் பத்திக் கேட்டீங்களா. கட்டடம் பெருசுக்கா. எத்தனையோ பேரு வர்றாங்க போறாங்க. அதுக்கெல்லாம் ரொட்டி எடுத்துச் சத்தியம் பண்ணா ரொட்டிக்கே மரியாதை இல்ல. கீழ வச்சுடுறேன்.

நீங்க பேசுங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன்ல, அது வாத்தியார் புத்தி. சொல்லுங்க. ம். ம். மாடு கறக்கப் போனா திரும்பி வர நேரமாகுதா. எப்பப் பார்த்தாலும் மடியில அந்த லேப்டாப்பா. கரண்டு பில்லு ஏறுதா. நீங்க ஒரு நாள் அதைத் தூக்கித் தந்தூர் அடுப்புல போட்டுருவேன்னு சொன்னதுக்கு, எதுத்துப் பேசாம அழுதாளா. எதுத்துப் பேசியிருந்தாலாவது பரவாயில்லங்கிறீங்க. அதுவும் சரிதான்.

ம். உங்க மகன் இல்ஹோம் ரஷ்யாவுல கட்டட வேலையில ரத்தத்தைச் சிந்தி மாசம் தவறாம காசு அனுப்புறான். அந்தக் காசுலதான் வீடு ஓடுது, மாமனாருக்கு மருந்து வாங்குறது, கூரைக்குப் புதுத் தகரம் போட்டது எல்லாம். அந்தக் காசு எப்படி வருதுன்னு தெரியாம இவ கரண்டை எரிச்சுக்கிட்டு வெளையாடிட்டு இருக்கா. குழந்தைக்கு டயாப்பருக்குக் காசு கொடுக்குறப்பல்லாம் அவகிட்டச் சொல்வீங்களா, இது என் புள்ள வேர்வைடி, பார்த்துச் செலவு பண்ணுன்னு.

இல்ல, ஒண்ணுமில்லக்கா. டீ தொண்டையில மாட்டிக்கிச்சு. சூடா குடிச்சுட்டேன். நீங்க சொல்லுங்க.

ஏன் ஒரு மாதிரி ஆயிட்டேன்னா... வயசாகுதுல்ல. பிரஷர் எனக்கும் இருக்கு. இல்லக்கா, நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல. தாய்க்குப் புள்ள காசு பெருசுதான். உங்களுக்கு மட்டும் என்ன சொகம்? விடியக்காலம் எந்திரிச்சு நீங்களும்தான் கூட்டினீங்க, முப்பது வருஷம். உங்க மாமியாருக்குக் குனிஞ்சு சலாம் வச்சு வச்சு இடுப்பு போச்சுன்னு நீங்களே எங்கிட்டச் சொல்லியிருக்கீங்க. இப்பத்தான் உக்காந்து ஒரு வாய் டீ குடிக்கலாம்னு நெனைக்கிற வயசு. அந்த நேரத்துல மருமக படிக்கணும்னு போயிட்டா மறுபடி தொடப்பத்தை எடுக்கணும். அது எனக்குப் புரியாம இல்ல. புரியுறதுதான் எனக்குப் பெரிய கஷ்டமே. நீங்க கெட்டவங்களா இருந்தா நான் எப்பவோ சண்டை போட்டு ஜெயிச்சிருப்பேன்.

எந்தப் போனு? இதா? மேஜை மேல அடிக்குதே, இதுவா? இது... இது யாரோ பொண்ணு வச்சுட்டுப் போனது. பரீட்சை ரூமுக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது, எல்லாம் என்கிட்டத்தான் கொடுத்துட்டுப் போகும். அடிச்சா அடிக்கட்டும், விடுங்க. நீங்க எடுக்காதீங்கக்கா. அக்கா, அடுத்தவங்க போனை...

ஆமா. உங்க பேரன் படம்தான். தொப்பி போட்டு, தயிர்ச் சட்டியைக் கவுத்துக்கிட்டு உக்காந்திருக்கான். நல்லா இருக்கு படம்.

சரி. இனிமே பொய் சொல்லி என்ன. மாடியிலதான் இருக்கா. ரெண்டாவது ரூம், ஜன்னல் ஓரம். காவலும் இல்ல ஒண்ணும் இல்ல, தாஷ்கெண்ட் ஆபீசரும் இல்ல, கோதிர் வாத்தியார்தான் உக்காந்து தூங்கிக்கிட்டு இருப்பார். யார் வேணா கதவைத் தள்ளலாம். அதுக்குப் பயந்துதான் உங்க கையில கிண்ணத்தைக் கொடுத்துட்டு இவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசிக்கிட்டு இருக்கேன். ஆமா, ஏமாத்தினேன். ரொட்டியைத் தொட்டுக்கிட்டே ஏமாத்தினேன். என்னைத் திட்டுங்க, நல்லாத் திட்டுங்க. எழுதி முடிக்கிற வரைக்கும் நின்னு திட்டுங்க. பாதியில எழுப்பிட்டா, எழுதாத மாதிரிதான் கணக்கு. பேரு போயிடும்.

கையை விடுங்கக்கா, நான் கதவை மறைக்கல. மறைச்சுத்தான் நிக்கிறேன், சரி. பத்து பசங்க நடுவுல தலைமுடியைப் புடிச்சு இழுத்துட்டு வருவீங்களா? இழுத்துட்டு வந்தா? அவளுக்கு அவமானம் மட்டுமா, பஜார்ல நாளைக்கு உங்களைத்தான் சொல்லுவாங்க.

யாரு கூப்பிட்டதா? பார்த்தீங்களா பேரை. இல்ஹோம்தான். ஆமா, உங்க மகன்தான். வீட்டுக்காரன் பொண்டாட்டிக்குப் போன் பண்ணக் கூடாதா? என்ன நேரம்னா? மத்தியானம். அங்கயும் மத்தியானம்தான் கிட்டத்தட்ட.

அதைக் கேக்காதீங்கக்கா. வேலை நேரத்துல நீங்க பண்ணினா எடுக்க மாட்டான், சாரத்து மேல நிக்கிறேம்மான்னு மெசேஜ் போடுவான், தெரியும். இப்ப மட்டும் எப்படிக் கூப்பிடுறான்னு கேக்குறீங்க. என்னை எதுக்குக் கேக்குறீங்க? அவ கீழ வரட்டும், அவகிட்டக் கேளுங்க. ரஷ்யாவுல இன்னைக்கு ஏதாவது லீவா இருக்கும்.

என் புள்ள அங்க சாகுறான், இவ இங்க ஆம்பளைங்களோட உக்காந்து பரீட்சை எழுதுறாளான்னா கேட்டீங்க? இன்னைக்கே அந்த லேப்டாப்பை அடுப்புல போட்டுட்டு, இனிமே என் புள்ள காசுல ஒரு வாய் சோறு அவளுக்குக் கெடையாதுன்னு சொல்லப் போறீங்களா?

அதைச் சொல்லாதீங்கக்கா. அவளை வேற என்ன வேணா சொல்லுங்க. அதை மட்டும் அவ மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிடாதீங்க.

ஏன்னா... அந்தக் காசை இல்ஹோம் சம்பாதிக்கல.

உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல. உசுரோட இருக்கான், பயப்படாதீங்க. போன இலையுதிர் காலத்துல சாரத்துலருந்து விழுந்துட்டான். இடுப்பு. ஆமா, நடக்குறான், நடக்குறான்க்கா, ஆனா ஒரு வாளி தூக்க முடியாது. ரெண்டு கூட்டாளிங்க ரூம்ல படுத்துக் கெடக்கான். அவனுங்களுக்குச் சமைச்சுப் போடுறான். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு பொண்டாட்டிக்கிட்டக் கெஞ்சியிருக்கான். அம்மா தாங்க மாட்டாங்க, அப்பாவுக்கு வேற ரத்தக் கொதிப்பு, ஆம்பளை நான் சும்மா கெடக்குறேன்னு தெருவுக்குத் தெரிஞ்சா செத்துப் போயிடுவேன்னு. அப்பத்தான் ஓய்சரா என்கிட்ட வேலை கேட்டு வந்தா. தாஷ்கெண்ட்ல என்கிட்டப் படிச்ச பையன் ஒருத்தன் கம்பெனி வச்சிருக்கான், அவன்கிட்டச் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். கடைகளுக்கு வெப்சைட் பண்ற வேலை. மாட்டுக் கொட்டாய்ல உக்காந்து பண்ணிக்கிட்டு இருக்கா, அங்கதான் பக்கத்து வீட்டு இன்டர்நெட் எட்டுதாம். சம்பளம் அவ கார்டுக்கு வரும். அதை அப்படியே இல்ஹோமுக்கு அனுப்புவா. அவன் அதுல ஒரு பங்கை எடுத்துக்கிட்டு மிச்சத்தை உங்க பேருக்குத் திருப்பி அனுப்புவான். நீங்க பேங்குல வரிசையில நின்னு வாங்கிட்டு வந்து, அதுலருந்து அவளுக்கு டயாப்பருக்குக் கொடுப்பீங்க. உங்க புள்ள மானம் போகக் கூடாதுன்னு காசு ரஷ்யா வரைக்கும் போயிட்டு வருது.

யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். போச்சு. இனிமே அந்தப் பொண்ணு என் மூஞ்சியில முழிக்குமா தெரியல.

அந்தக் கம்பெனில படிக்கிற புள்ளைங்களுக்கும் படிச்சு முடிச்சவங்களுக்கும்தான் வேலை. இன்னைக்குப் பேரைத் தூக்கிட்டா அடுத்த மாசத்துலருந்து அதுவும் இல்ல. அதுக்குத்தான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டு வந்து உக்காந்து எழுதிக்கிட்டு இருக்கா. இப்பப் போறதுன்னா போங்க. நான் தள்ளி நின்னுக்கிறேன். மாடிப்படி இடது பக்கம்.

பாருங்க, மறுபடி அடிக்குது. அவனேதான். வேற எதுக்கு, எழுதிட்டாளான்னு கேக்கத்தான். நான் எடுக்க மாட்டேன். நீங்களே எடுங்கக்கா. அழாதீங்க, அழுதா அவனுக்குக் கேக்கும். முதல்ல உங்க கொரலைக் கேட்டதும் பயந்து வச்சுடப் போறான், வைக்கிறதுக்குள்ள சொல்லிடுங்க. அவ எழுதிக்கிட்டு இருக்கான்னு சொல்லுங்க.